வெட்டாத குளம்

நாலடி தோண்டியும் குளம் வரவில்லை.

குழிக்குள் குந்தியிருந்த அகழாய்வாளர் சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். தோட்டத்து ஆட்கள் அவளுக்குக் குழியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தெரிந்தும் கோபித்துக்கொள்ளாமல், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவள்.

"கன்னி மண்ணு மேடம் இது," என்றாள். "மனுஷன் கை படாத மண்ணு. இதுக்குக் கீழ ஒண்ணுமே கிடைக்காது."

"களிமண் பூசின தடம்? சுண்ணாம்பு?"

"இல்ல. குளம்னு ஒண்ணு இருந்திருந்தா தண்ணி இறங்காம இருக்க ஏதாவது போட்டிருக்கணும்ல. பொட்டு சுண்ணாம்பு கூட இல்ல."

மேலே நின்றவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பழைய தோட்டங்களை ஆராய்வது அவள் தொழில். நூறு, இருநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ யோசித்து அமைத்த தோட்டத்தில் எது அசல், எது இடையில் வந்து ஒட்டிக்கொண்டது, எதைக் காப்பாற்ற வேண்டும், எதை எடுத்துவிடலாம் என்று அறிக்கை எழுதுவாள். அதை வைத்து நகரசபைகள் முடிவெடுக்கும். இந்தத் தொழிலில் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே இந்தத் தோட்டம்தான். ஆறு வருஷத்துக்கு முன் ஆவணக் காப்பகத்தில், யாரும் பிரிக்காத ஒரு கட்டுக்குள்ளிருந்து இதன் வரைபடத்தைக் கண்டெடுத்தாள். கெட்டித் தாளில் வண்ணம் தீட்டிய படம். நடுவில் வட்டக் குளம். அதிலிருந்து சூரியக் கதிர் மாதிரி பதினாறு பாதைகள். தோட்டம் உண்டான அதே வருஷத்துத் தேதி. நூற்று நாற்பது வருஷம் ஆகிறது.

அவள் போய்ப் பார்த்தபோது அந்த இடத்தில் குளமும் இல்லை, கதிர்ப் பாதைகளும் இல்லை. வளைந்து போகும் ஒரு நடைபாதையும், அதன் ஓரமாகப் பத்தொன்பது தூங்குமூஞ்சி மரங்களும்தான். குளம் தூர்ந்துபோன பிறகு யாரோ நிழலுக்காக வைத்த மரங்கள் என்று அவள் எழுதினாள். 'பிற்காலச் சேர்க்கை' என்பது அவள் போட்ட சொல். வரைபடத்தை அட்டையில் போட்டுப் புத்தகமும் வந்தது. ஊர் அந்தக் குளத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அதை வரைந்தார்கள். நகரசபை ஒரு குழு அமைத்து, குளத்தைத் திரும்பக் கொண்டுவருவது என்று தீர்மானித்தது. அதற்கு ஏழு மரங்கள் போக வேண்டும். குளத்தின் நட்டநடு என்று அவள் குறித்துக் கொடுத்த இடத்தில் நின்ற மரத்தைப் பத்து நாளைக்கு முன் வெட்டினார்கள், அங்கே அகழ்ந்து பார்ப்பதற்காக. அனுமதித் தாளில் அவள் கையெழுத்து. மீதி ஆறு மரங்களுக்கு அடுத்த திங்கட்கிழமை நாள் குறித்தாகிவிட்டது.

அன்று புதன்.

"ஒரு குழியை வெச்சு என்ன சொல்ல முடியும்? கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாமே," என்றாள்.

"பார்க்கலாம். அதுக்கு முன்னாடி இதப் பாருங்க." அகழாய்வாளர் நகர்ந்து, குழியின் ஓரத்தைக் காட்டினாள். பழைய பாதையின் விளிம்பு. செங்கல்லைக் குத்தி வைத்துக் கட்டிய வரிசை, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை வரை நேராக வந்து, அங்கே ஒரு கை அகலம் ஒதுங்கி, வளைந்து, மறுபடி நேராகப் போனது.

"செங்கல்லை அப்புறமா உடைச்சு மரம் வெக்கல மேடம். மரம் நிக்கிறதுக்குன்னு இடம் விட்டுத்தான் செங்கல்லே வெச்சிருக்காங்க. அந்தச் செங்கல் எது மேல உட்கார்ந்திருக்கு பாருங்க."

கன்னி மண்ணின் மேல். நடுவில் வேறெந்த அடுக்கும் இல்லை.

அவள் குழியோரம் மண்டியிட்டாள். "அப்ப முதல்லயே பாதை. மரமும் அதே சமயம்."

"நான் அப்படித்தான் எழுதணும். நீங்க எப்படி எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாது."

அந்த நேரம் பார்த்துத் தலைமைத் தோட்டக்காரர் வந்து சேர்ந்தார். ஒல்லியான நடுவயது மனிதர். இந்த உலகத்தில் அவரைப் போல அந்தக் குளத்துக்காகக் காத்திருந்தவர் யாரும் இல்லை. தூங்குமூஞ்சி மரத்தின் காய் பிசுபிசுவென்று பாதையில் ஒட்டிக்கொள்ளும். இலையோ கூட்டக் கூட்ட விழும். பத்தொன்பதில் ஏழு குறைந்தாலும் அவருக்கு லாபம். அது மட்டுமில்லை, கருவி வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் பன்னிரண்டு தொட்டிகளில் இரண்டு வருஷமாக அல்லி வளர்த்துக்கொண்டிருந்தார், குளத்தில் விடுவதற்கு.

"கிடைச்சுதா?" என்றார்.

"இன்னும் பார்க்கணும்."

"பார்த்துச் சட்டுனு சொல்லுங்க மேடம். தொட்டிக்குள்ள வேர் முட்டிக்கிட்டு நிக்குது. நானும் எத்தனை நாளைக்குத்தான் அதுங்களைச் சமாதானப்படுத்துறது?"

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

அவளும் அவள் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தங்கையின் புத்தகத்தை எழுத்து எழுத்தாக நான்கு முறை பிழை பார்த்தது அவள்தான். சாயங்காலம் சமையலறை மேஜையில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தவள், தங்கை வந்து சொன்னதையெல்லாம் சிவப்புப் பேனாவை மூடாமலே கேட்டாள்.

"சரி, குளம் இல்ல. அதனால என்ன?" என்றாள்.

"என்னவா? நான் சொன்னதெல்லாம் தப்புக்கா."

"தப்புன்னு யாருக்குத் தெரியும்? உனக்கு, அந்தக் குழியம்மாவுக்கு. ஒரு குழியில கிடைக்கலன்னா கிடைக்கல, அவ்வளவுதான். குளம் அழகாத்தானே இருக்கும்? ஊரே ஆசையா இருக்கு. ஆறு வருஷம் ராப்பகலா நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். அதை நீயே தூக்கிக் குப்பையில போடணுமா?"

"மரம் இருக்கே."

"மரம் ஊரெல்லாம் இருக்கு," என்று அடுத்த விடைத்தாளைப் புரட்டினாள் அக்கா. பிறகு தலை நிமிராமலே, "நான் சொன்னேன்னு செய்யாத. எனக்கு உன்னை நினைச்சாத்தான் பயமா இருக்கு," என்றாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தாள். 'பிற்காலத்தில் பாதை அமைக்கப்பட்டபோது குளத்தின் அடித்தளம் முழுவதுமாகத் தோண்டி அகற்றப்பட்டிருக்கலாம்.' நன்றாகவே வந்தது. குழுவில் யாரும் அதைக் கேள்வி கேட்கப் போவதில்லை. 'இருக்கலாம்' என்ற ஒரு சொல் போதும், பொய் சொன்னதாகவும் ஆகாது. அந்த வாக்கியத்துக்கு ஓர் ஆதாரம் கிடைத்தால் இன்னும் தெம்பாக இருக்கும். குளத்தைத் தூர்த்ததாக எங்கேயாவது ஒரு கடிதம், ஒரு குறிப்பு, ஒரே ஒரு வரி. அதைத் தேடிக்கொண்டுதான் காப்பகத்துக்குப் போனாள். உண்மையைத் தேடிப் போனேன் என்று அவள் பின்னாளில் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

"உங்க படம் வேணுமா?" என்று கேட்டார் காப்பகப் பொறுப்பாளர். அங்கே எல்லோரும் அதை அப்படித்தான் சொல்வார்கள், அவளே வரைந்த மாதிரி.

"படம், அது இருந்த கட்டு, ரெண்டும்."

கடிதங்களை ஒன்று விடாமல் படித்தாள். மதியம் ஆகிவிட்டது. விதை கேட்ட கடிதம், வேலி பற்றிய சண்டை, மாடு புகுந்த புகார். குளம் வெட்டியதாகவும் இல்லை, தூர்த்ததாகவும் இல்லை. நூற்று நாற்பது வருஷத்தில் ஒருவர்கூட அதில் வழுக்கி விழவில்லை, ஒருவர்கூடக் கொசுத்தொல்லை என்று எழுதவில்லை. முன்பும் இது அவள் கண்ணில் பட்டதுதான். கடிதங்கள் தொலைந்திருக்கும் என்று அப்போது எழுதிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் வரைபடத்தை விரித்தாள். மேடைகளில் இந்தப் படத்தைத் திரையில் காட்டும்போது அவள் எப்போதும் ஒன்று சொல்வாள்: எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள், நேற்று வரைந்த மாதிரி. கூட்டம் தலையாட்டும். இப்போது அந்தச் சுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்பு இல்லை. மூலைகளில் ஆணி குத்திய துளை இல்லை. விரல் அழுக்கு இல்லை. அளவு குறித்த பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை. எத்தனையோ தோட்டங்களில் வேலை நடப்பதை அவள் பார்த்திருக்கிறாள். வெயிலில் விரித்து, மேலே கல்லை வைத்து, மழைக்கு மடித்து இடுப்பில் செருகி, சேற்றுக் கையால் காட்டிப் பேசிய படம் ஒரு மாதத்தில் கந்தலாகிவிடும். இந்தப் படம் தோட்டத்துக்குள் போனதே இல்லை. யாரிடமோ காட்டுவதற்காக வரைந்தது. காட்டியிருப்பார்கள். அவர் வேண்டாம் என்றிருப்பார்.

கட்டின் அடியில் இன்னொரு தாள் இருந்தது. அதுவும் அவளுக்குப் புதிதல்ல. எட்டாக மடித்து மடித்து நைந்த தாள், ஓரமெல்லாம் செம்மண் கறை, நாலு மூலையிலும் ஓட்டை. வளைந்த ஒரு கோடு, அதன் மேல் வரிசையாகப் பெருக்கல் குறிகள், குறிகளுக்கு நடுவில் எண்கள். புத்தகத்தின் பின்னிணைப்பில் அதைப் பற்றி அவள் எழுதியிருந்தது நினைவிருந்தது: 'யாரோ போட்ட கணக்குக் கிறுக்கல், பயனில்லை.'

பெருக்கல் குறிகளை எண்ணினாள். பத்தொன்பது.

மறுபடியும் எண்ணினாள். பொறுப்பாளர் தும்மியபடி வந்து, "மூடற நேரமாச்சு," என்றார். படியெடுத்துக்கொள்ள இன்னும் பத்து நிமிடம் கேட்டு வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் தோட்டக்காரரைத் தேடிப் போனாள். அவர் கொட்டகையில் ரம்பத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"டேப் இருக்கா? அடிக்கணக்கு போட்டது?"

"இருக்கு. என்ன அளக்கணும்?"

"மரத்துக்கு மரம். நடுவுல இருந்து நடுவுக்கு."

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் மரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அவர் ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறுமுனையில் நின்று படித்தாள். முப்பத்தொன்றரை. தாளில் முப்பத்தொன்று. அடுத்தது இருபத்தெட்டு, தாளிலும் இருபத்தெட்டு. அடுத்தது முப்பத்துநாலுக்கு ஒரு விரல் குறைவு, தாளில் முப்பத்துநாலு. ஐந்தாவது மரமும் ஆறாவது மரமும் மட்டும் வழக்கத்துக்கு மாறாக நெருங்கி நிற்பதை அங்கே வருகிற எல்லோருமே பார்த்திருப்பார்கள். அவள் அதை நட்டவனின் கவனக்குறைவு என்று நினைத்திருந்தாள்.

"இருபத்திரெண்டு," என்று இந்த முறை தோட்டக்காரரே படித்தார். அவள் தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அந்த இடத்தில் இருபத்திரண்டு என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தது.

அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். "ஏன் இங்க மட்டும் கிட்ட வெச்சான்?"

"தெரியல."

"ரெண்டு கோடு போட்டிருக்கான். தெரிஞ்சே வெச்சிருக்கான்." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அப்ப குளம்?"

"இல்ல. இருந்ததே இல்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். நூறடி டேப், சுற்றி முடிக்க நேரமெடுத்தது. "ரெண்டு வருஷம் மேடம்," என்றார். கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டார்.

மீதி மரங்களை அவள் தனியாகவே அளந்தாள், டேப்பின் முனையைக் கல்லுக்கடியில் செருகி வைத்து. பதினொன்றாவது பெருக்கல் குறிக்கு நேராக வந்தபோது அங்கே மரம் இல்லை. குழியும் அடிக்கட்டையும் இருந்தன. அடிக்கட்டையின் நடுவில் டேப்பை வைத்து அளந்தாள். சரியாக முப்பது. தாளில் முப்பது. அந்த எண்ணை எழுதிவிட்டு, எழுந்திருக்கத் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மரம் விழுந்த அன்று அவள் வேறு ஊரில் இதே தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை குழு கூடியது. தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. அவருக்கு வலப்புறம் துணிக்கடை முதலாளி. குளத்துக்குக் கல் பதிக்கும் செலவை ஏற்றுக்கொண்டவர். நகரசபைப் பொறியாளர், இன்னும் இரண்டு பேர். அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். மண்ணில் கிடைத்ததை, படத்தில் இல்லாததை, தாளில் இருந்ததை. கடைசியில், "நான் எழுதினது தப்பு. பிற்காலச் சேர்க்கைன்னு நான் சொன்ன மரங்கள்தான் அசல். அதுல ஒண்ணை என் பேச்சைக் கேட்டு வெட்டிட்டோம்," என்றாள்.

துணிக்கடை முதலாளி திரும்பி நீதிபதியைப் பார்த்தார்.

"இத்தனை நாளா இதே மேஜையில உட்கார்ந்து குளம் இருந்துதுன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றார் நீதிபதி. "இப்ப இல்லன்னும் நீங்கதான் சொல்றீங்க. ரெண்டுல எந்த வாக்குமூலத்தை நான் ஏத்துக்கணும்?"

"அப்ப என்கிட்ட இருந்தது ஒரு படம். இப்ப அந்த இடமே சொல்லுது."

"இடம் நீங்க சொல்ற மாதிரிதான் சொல்லும்," என்றார் அவர். கோபமில்லை, நெடுநாள் பழக்கத்தில் வந்த பேச்சு.

துணிக்கடை முதலாளி கனைத்துக்கொண்டார். "அது இருந்துதோ இல்லியோ. இப்ப கட்டினா நல்லாத்தானே இருக்கும்? ஜனங்க உட்காருவாங்க, பிள்ளைங்க வேடிக்கை பார்க்கும். வேண்டாம்னு யார் சொல்லப் போறா?"

"கட்டலாம் சார். அது உங்க முடிவு. ஆனா பழைய குளத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம்னு பலகை வெக்காதீங்க. என் அறிக்கையை அதுக்குச் சாட்சியா காட்டாதீங்க. நூத்தி நாப்பது வருஷமா நிக்கிற ஒண்ணை எடுத்துட்டு, எப்பவும் இல்லாத ஒண்ணை வெச்சோம்னு எழுதுங்க. எழுதிட்டு வெட்டுங்க."

அவள் தண்ணீர் குடித்தாள்.

நீதிபதி பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "அந்தத் தாளோட நகல் ஒண்ணு எனக்குக் குடுங்க," என்றார். "நாளைக்குக் காலைல ஆறரைக்குத் தோட்டத்துக்கு வர்றேன். நீங்க பக்கத்துல நிக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் விளையாட்டுக் காலணியும் தொப்பியுமாக வந்தார். கூடவே அவர் மனைவி, டேப்பின் ஒரு முனையோடு. பக்கத்தில் நிற்கக் கூடாது என்றதால் அவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் இருவரும் மரத்துக்கு மரம் குனிவதும் நிமிர்வதும், இடையில் ஓர் எண்ணுக்காக வாக்குவாதம் செய்வதும் தெரிந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

"வீட்டுக்காரி ஒரு இடத்துல தப்பாப் படிச்சா. மத்தபடி சரியா இருக்கு," என்றார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "என் வேலையில நானும் சில தீர்ப்பைத் திருத்திக்க ஆசைப்பட்டிருக்கேன். சட்டத்துல அதுக்கு வழி இல்ல. உங்க தொழில்ல இருக்கு போல."

அங்கேயே நின்றபடி பொறியாளருக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வெட்டு வேலையை நிறுத்தச் சொன்னார். குழு பிறகு கூடி, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் குளத்தைக் கைவிட்டது.

அவள் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 'குளத்தைக் காணோம்' என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது. இன்னொரு ஊர் தன் தோட்டத்து வேலையை அவளிடம் கொடுப்பதாக இருந்து, பதில் போடுவதையே நிறுத்திக்கொண்டது. பதிப்பாளர் இரண்டாம் பதிப்பு இல்லை என்றார். விற்காமல் இருந்த முந்நூறு பிரதிகளையும் அவள் வீட்டுக்கு வாங்கி வந்து, ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஒரு திருத்தச் சீட்டை ஒட்டினாள். அக்கா பசை தடவிக் கொடுத்தாள், முணுமுணுத்துக்கொண்டே. நூறு தாண்டியதும் ஒரு சீட்டை எடுத்துப் படித்துவிட்டு, "'பயனில்லை என்று நான் ஒதுக்கிய தாளே' வேண்டாம். 'தாள்தான்'னு போட்டிருக்கணும்," என்றாள்.

"இப்ப சொல்றியே."

"நீ என்கிட்ட பிழை பார்க்கக் குடுக்கல."

அவள் அன்றுதான், பல நாளைக்குப் பிறகு, வாய் விட்டுச் சிரித்தாள்.

அல்லித் தொட்டிகளைத் தோட்டக்காரர் அரசு மருத்துவமனையின் முன்வாசல் நீர்த்தொட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் அவளிடம் 'ம்' என்பதைத் தவிர வேறு பேசவில்லை. வெட்டிய மரத்தின் இடத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோதுதான் வாயைத் திறந்தார். புதுக் கன்று வைக்கலாம் என்றார். வேண்டாம், காலியாகவே இருக்கட்டும், அங்கே ஒன்று இருந்தது என்று வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்றாள் அவள். "காலி இடத்தைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். முடிவு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வருஷம் மழை விட்ட ஒரு காலையில், மரங்களின் நிலையைப் பதிவு செய்ய அவள் வந்தாள். பத்தாவது மரத்தைத் தாண்டியதும் நின்றாள். முழங்கால் உயரத்துக்கு ஒரு தூங்குமூஞ்சிக் கன்று, சுற்றிலும் மூங்கில் குச்சிக் கூண்டு. தோட்டக்காரர் சற்று தூரத்தில் ஈர இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவள் பார்ப்பதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார்.

டேப்பை எடுத்து அளந்தாள். முப்பத்திரண்டு.

"ரெண்டடி தள்ளி இருக்கே," என்றாள்.

"தெரியும். அந்த இடத்துல பழைய வேர் கிடக்குது, கடப்பாரையே இறங்கல. தள்ளித்தான் வெக்க முடிஞ்சுது."

எடுக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்துத் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். அவள் மூங்கில் கூண்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பதிவேட்டைத் திறந்து எழுதினாள்: பதினொன்றாவது மரம், புதுக் கன்று. தாளில் உள்ள இடத்திலிருந்து இரண்டடி கிழக்கே. காரணம், பழைய வேர். பிறகு நிமிர்ந்து, "எந்த மாசம் வெச்சீங்க?" என்று கேட்டாள்.

அவர் வந்து பக்கத்தில் நின்று, விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.